இரவல் கதிரை

போன மாதம் ஒரு காலை, பின்மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு ரிஸானாவின் தலை தெரிந்தது.

"ராத்தா, ஒங்கட கதிர ரெண்டு தாங்களேன். கணக்கெடுக்க ஆக்கள் வாறாங்களாம். அந்த மேச ஃபேனையும் தந்தீங்கண்டா நல்லம்."

ரிஸானாவின் மூத்த மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் இரண்டும் இயங்காது. அந்தப் பிள்ளைக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். எங்கள் காலத்தைப் போல பைல் கட்டு இல்லை. கையில் டெப் என்று ஒரு சிறிய கணினி இருக்கிறது. வீட்டுக்குள் கதிரை இருக்கிறதா, அலுமாரி இருக்கிறதா, ஃபேன் இருக்கிறதா என்று அதில் தட்டத் தட்ட அதுவே புள்ளி போடுமாம். புள்ளி கூடினால் வசதியான வீடு என்று அர்த்தம்.

நான் கதிரையின் முதுகில் கையை வைத்தபடி நின்றுவிட்டேன்.

"என்ன ராத்தா, ஒரு கதிரைக்கு இவ்வளவு யோசிக்கிறீங்க?"

யோசிக்காமல் என்ன செய்வது? சமூக சேவை உத்தியோகத்தராக இந்த மாவட்டத்தின் மணல் முழுவதையும் மிதித்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு இரவல் கதிரையால் ஒரு மனிதனின் உயிர் போகப் பார்த்ததைக் கண்ணால் கண்டவள். அவளிடம் "பொறு, வாறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பழைய கதை முழுவதும் நெஞ்சில் ஏறி நின்றது. அதை எழுதிவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் ஒரு பழைய கட்டடம், மத்தியானம் பருப்பும் கீரையும், நித்திரை வரவைக்கும் விரிவுரைகள். ஒருநாள் மட்டும் சட்டம் படித்த ஒரு அம்மா வந்து, சமூகப் பாதுகாப்பு என்பது மனித உரிமை என்று உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பிரகடனத்திலேயே இருக்கிறது என்றார். வருத்தம் வந்தால், உடல் இயங்காமல் போனால், விதவையானால், வயதானால், தன் கையை மீறிய எந்தக் காரணத்தாலும் பிழைக்க வழியில்லாமல் போனால், அந்த மனிதரைத் தாங்குவது அரசாங்கத்தின் கடமை. பிச்சை போடுவது அல்ல என்று சொன்னார். சோதனைக்குப் பாடமாக்கினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. அதற்குப் பிறகு வேலைக்கு வந்தேன், அங்கே குலதுங்க சேர் இருந்தார்.

குலதுங்க சேர் சிலாபத்துக்காரர். எங்கள் பிரிவுக்குப் பெரியவர். தமிழ் நன்றாகக் கதைப்பார். கோபம் வந்தால் சிங்களத்துக்குப் போய்விடுவார். கோபத்தில் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்குக் குரல் இறங்கும். கந்தோரில் அவர் மெதுவாகக் கதைக்கத் தொடங்கினால் பியோன் கூட எழுந்து வெளியே போய்விடுவான். லஞ்சம் வாங்காதவர். சட்டைப் பையில் நான்காக மடித்த வெள்ளைக் கைலேஞ்சி எப்போதும் இருக்கும். உதவி கேட்ட ஒரு வீட்டுக்குள் போகுமுன் அதை எடுத்துக் கைகளைத் துடைத்துக்கொள்வார், வெளியே வந்ததும் மறுபடி துடைப்பார். அது அருவருப்பால் அல்ல, ஒரு பழக்கம். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும்.

வீடு பார்க்கும் முறையை அவர்தான் எனக்குக் கற்றுத் தந்தார். போகும் நாளை முன்கூட்டிச் சொல்லக்கூடாது. வாசலில் நின்று முதலில் கூரையைப் பார்க்கவேண்டும், பிறகு சுவர், பிறகு நிலம். உட்காரக்கூடாது. தண்ணீர் கூடக் குடிக்கக்கூடாது, குடித்தால் கடன்பட்டுவிடுவோம். கடைசியாக அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். "வாய் பொய் சொல்லும் மிஸ் ஸரீனா, சட்டி சொல்லாது" என்பார். அடுத்த வீட்டுச் சட்டியைத் திறந்து பார்ப்பவளை எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் திறந்தேன், வேலை அது.

ஒருமுறை உச்சமுனைக்குப் படகில் போனோம். கச்சான் காற்று அடித்து, களப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்துகொண்டிருந்த நேரம். அங்கே தனியே இருந்த ஒரு வயதான மீன்பிடிகாரர், முதியோருக்கான உதவிப்பணத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தார். ஏன் என்று கேட்கத்தான் போனோம்.

"எனக்கு ஸதகா வேணாம் மகள். இருக்கப்பட்டவன் இல்லாதவனுக்குக் குடுக்குறது அது. நான் இன்னும் வலை இழுக்குறன்."

குலதுங்க சேர் வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "காக்கா, நீங்க வாங்குற பாணுக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கட்டுறீங்க. ஒங்கட காலம் முழுக்கக் கட்டியிருக்கீங்க. இது ஸதகா இல்ல, ஒங்கட ஹக்கு" என்றேன்.

"ஹக்குண்டா விடேலாது" என்று சொல்லி அந்த மனிதர் உதவிப்பணம் வாங்கும் படிவத்தில் கையொப்பம் வைத்தார். கொழும்பு அம்மா ஒரு நாள் முழுக்கச் சொன்னதை அவர் ஒரே சொல்லில் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது படகில் குலதுங்க சேர், ஹக்கு என்றால் என்ன என்று கேட்டார். ஒருவருக்குச் சேரவேண்டியது, கொடுக்காவிட்டால் கொடுக்காதவர்தான் குற்றவாளி என்றேன். "பெரிய சொல்" என்றார். அவ்வளவுதான்.

இனி ஸுஹராவின் கதைக்கு வருகிறேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு எங்கள் பக்கம் வந்த முஸ்லிம் சனத்தில் இன்னும் பாதிப் பேர் கற்பிட்டி ரோட்டோரக் கிடுகு வீடுகளில்தான் இருந்தார்கள். யுத்தம் முடிந்துவிட்டதுதானே, இனி ஊருக்குப் போகலாம்தானே என்று ஒவ்வொரு உதவியாக மறுபரிசீலனைக்கு வந்தது. எங்கள் ஊர்க்காரரிலும் சிலருக்கு அதில் ஒரு திருப்தி. பல வருடம் பக்கத்தில் இருந்தும் "வந்த ஆக்கள்" என்ற பேர் மாறவில்லை.

ஸுஹராவின் கணவர் முஹைதீனுக்குக் கிட்னி இரண்டும் பழுது. கடலுக்குப் போன மனிதர், இப்போது பாயில். உயிரோடு இருக்கவேண்டுமென்றால் சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தப்படுத்தும் மெஷினில் படுக்கவேண்டும். ஒரு தடவை போய்விட்டு நிறுத்தக்கூடிய காரியம் அல்ல, விடாமல் போய்க்கொண்டே இருக்கவேண்டும். ஸுஹரா உப்பளத்தில் உப்பு வாரி உழைப்பதில் சோறு வரும், சிலாபத்துக்குப் பயணம் வராது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் உதவிப்பணம்தான் அந்தப் பயணம். அது நின்றால் பயணம் நிற்கும். பயணம் நின்றால் மனிதர் போய்விடுவார். இதில் விளங்காமல் போக ஒன்றும் இல்லை.

நாள் சொல்லாமல்தான் போனோம். ஆனால் அந்த மணல் ஒழுங்கைகளின் பக்கம் ஜீப் திரும்பும் முன்னமே "பெரிய சேர் வாறார்" என்ற செய்தி முன்னால் ஓடிவிடும். பத்து வீடு பார்த்துவிட்டு ஸுஹராவின் வாசலுக்குப் போனபோது, அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்த முகத்தோடு நின்றாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ். வாங்க சேர், இரிங்க."

உள்ளே பார்த்தேன்.

கிடுகு வீட்டுக்குள்ளே மூன்று பிளாஸ்டிக் கதிரைகள். அவற்றின் முதுகில் புதுத் துவாய்கள் போட்டிருந்தன. நடுவில் சிறிய மேசை, அதன்மேல் பூவேலை செய்த விரிப்பு. தங்கக்கரை போட்ட கண்ணாடிக் கிளாஸ்களில் ஜூஸ், ஒரு தட்டில் வட்டலாப்பம். மூலையில் ஒரு மேச ஃபேன். முஹைதீன் நானாவுக்குக் கூட வெள்ளைச் சட்டை போட்டுச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தாள். அவர் முகம் மட்டும் மஞ்சளாக, கண்கள் வீங்கிக் கிடந்தன.

குலதுங்க சேர் கைலேஞ்சியை எடுத்துக் கைகளைத் துடைத்தார். உட்காரவில்லை. கூரை, சுவர், நிலம், கதிரை, மேசை, ஃபேன் என்று அவர் கண் போய்ப் போய் நின்றது. நான் பின்னால் நின்றேன். ஒரு துவாய் நழுவிய இடத்தில் பச்சைப் பெயின்ற் எழுத்துத் தெரிந்தது. பள்ளிவாசல் ஜனாஸா சங்கத்தின் பெயர். மௌத்து நடந்த வீடுகளில் சாவுக்கு வருபவர்கள் உட்காரக் கொடுக்கும் கதிரைகள். ஃபேனின் வயரைப் பார்த்தேன். அது பாயின் கீழ் போய் அங்கேயே முடிந்தது. அந்த வீட்டில் கரண்டே இல்லை.

"சேர், ஜூஸ் குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

"வேண்டாம்" என்றார். ஸுஹரா மறுபடி சொன்னாள். அவர் மறுபடி வேண்டாம் என்றார். மூன்றாம் தடவை அவள் கிளாஸையே எடுத்து நீட்டினாள். வந்தவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் போவது அவர்களுக்கு அடி வாங்கியது போல. வாசலில் கூடி நின்ற அயலவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் "இது சங்கத்துக் கதிரைதானே" என்று நான் எப்படிச் சொல்வேன்? அவளை உரித்து நிறுத்தியது போல ஆகியிருக்கும். நானே கிளாஸை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஜீப்பில் ஏறியதும் சொன்னேன். "சேர், அந்தக் கதிரை பள்ளிச் சங்கத்துடையது. ஃபேன் யாருடையதோ. அந்த வீட்டுல கரண்ட் இல்ல."

"அப்படியென்றால் என்னை ஏமாத்தியிருக்கா."

"ஏமாத்துறவ இருக்கிறத ஒளிப்பா சேர். இல்லாதத இரவல் வாங்கி வெச்சிட்டு யாராவது உதவி கேப்பாங்களா? நீங்க வாறீங்கண்டு மரியாதைக்குச் செஞ்சது. நம்மட ஆக்கள் அப்படித்தான். வூட்டுக்கு ஒரு பெரிய மனுசன் வந்தா ஊரே சேந்து ஒரு வூட்டச் சோடிக்கும்."

அவர் குரல் இறங்கியது. சிங்களத்துக்கு மாறினார். "சாமான் அவளுடையதென்றால் உதவி தேவையில்லை. அவளுடையது இல்லையென்றால் பொய். இரண்டில் எதை எழுதட்டும், நீங்களே சொல்லுங்கள்."

சொல்லிக் கேட்கும் நிலையில் அவர் இல்லை. உதவி நிறுத்தப்பட்டது.

மேன்முறையீடு செய்யலாம் என்று ஸுஹராவுக்கு அறிவிக்க நான் போனபோது, முஹைதீன் நானா மெஷினுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

"ஏன் நானா போகல்ல?"

"இவ உப்பளத்துல கை வெடிச்சு உழைக்குறா மிஸ். அதையும் பஸ்ஸுக்குக் குடுத்துட்டு பட்டினி கிடந்து நான் இருந்து என்ன செய்ய? ஆருட கையையும் பாக்க ஏலாது. விடுங்க."

மேன்முறையீடு என்றால் மறுபடியும் வீடு பார்ப்பார்கள். பார்க்க வருபவரும் அதே குலதுங்க சேர்தான், அப்போது அதுதான் நடைமுறை. நான் ஸுஹராவை ஒரு பக்கம் கூப்பிட்டேன்.

"இந்த முறை ஒண்ணும் இரவல் வாங்காதீங்க. இருக்கிறபடி இரிங்க. வெறும் பாய், வெறும் சட்டி. அவர் பாக்கட்டும்."

அவள் அடுப்பில் கொதித்த பிளேன்டீயை ஒரு தகரக் கோப்பையில் ஊற்றி, பனங்கருப்பட்டித் துண்டோடு என் கையில் தந்தாள்.

"நீங்க நம்மட ஆள். ஒங்களுக்குத் தகரக் கோப்ப போதும். அவருக்கு ஏலாது மிஸ். வந்த மனுசர நிக்க வெச்சு அனுப்புற பழக்கம் எங்களுக்கு இல்ல. மன்னார்ல எங்கட வூட்ல எத்தின பேர் வந்து திண்டிருப்பாங்க. எல்லாம் போயிட்டு. இந்த ஒண்ணுதான் கையோட வந்தது."

"கதிரையப் பாத்துத்தானே நிப்பாட்டினார்."

"அதைத்தான் கேக்குறன். வருத்தம் கதிரைக்கா மிஸ், மனுசனுக்கா?"

எனக்குச் சினம் தலைக்கேறியது. அவள்மேல் இல்லை, ஆனாலும் அவள்மேல்தான் பாய்ந்தேன். "மரியாதைய வெச்சுக்கொண்டு மௌத்துக்கும் அதே கதிரைய எடுங்க, போங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயைக் கடித்துக்கொண்டேன். ஸுஹரா அழவில்லை. என் தோளில் தட்டி, "டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் கேட்டதுதான் காதில் கேட்டது. அந்தக் கொழும்பு அம்மா சொன்னது அன்றுதான் எனக்கு விளங்கியது. வருத்தம் வந்தவருக்கு அது சேரவேண்டியது என்றால், அதை வாங்குவதற்கு ஏன் ஒரு மனுசி தன் வீட்டை உரித்துக் காட்டவேண்டும்? ஏழ்மையை நடித்துக் காட்டினால்தான் தருவோம் என்பது பிச்சைக்காரனிடம் புண்ணைக் காட்டச் சொல்வது. கந்தோருக்குப் போய்ச் சுற்றறிக்கையை எடுத்து முழுவதும் வாசித்தேன். நோய்க்கு வைத்தியரின் சான்று, குடும்பத்தின் வருமானம் என்று இரண்டுதான் இருந்தன. கதிரையும் சட்டியும் எங்கும் இல்லை. அவை குலதுங்க சேரின் சொந்த முறை. அவருக்கு முன் இருந்தவர் அவருக்குக் கற்றுக்கொடுத்தது, அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அதை அவரிடம் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸுஹரா கொடுத்த மேன்முறையீட்டுக்கு இரண்டாம் தடவை போகும் நாள் வந்துவிட்டது. சொல்லாமல்தான் கிளம்பினார். ஜீப்பில் எனக்கு ஒரே நினைப்பு. அவள் மறுபடி மூன்று கதிரை வைத்திருந்தால் முடிந்தது.

ஸுஹராவின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை ஒடுக்கமான சந்து என்பதால் ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ட்ரைவரும் நாங்களும் நடந்தோம். கிடுகு வேலிகளுக்கு நடுவே காற்று மணலை அள்ளி வீசியது. ஸுஹரா வாசலில் நின்றாள். உள்ளே மேசை இல்லை, விரிப்பு இல்லை, ஃபேன் இல்லை. ஒரேயொரு கதிரை இருந்தது. துவாய் போடாமல், பச்சை எழுத்து எங்களுக்குத் தெரியும்படி திருப்பி வைத்திருந்தாள். பக்கத்தில் பலகையில் ஒரு கோப்பைத் தேநீர். இந்த முறை தகரக் கோப்பை.

"சேர், இந்தக் கதிர பள்ளிட. நீங்க வருவீங்கண்டு தினமும் இரவல் வாங்கி வெச்சிரிக்கன். கோப்ப என்ட. முதல்ல இரிங்க, டீயக் குடிங்க. பொறகு என்ன வேணும்னாலும் கேளுங்க. சட்டியத் திறக்கணும்னா திறங்க."

வாசலில் அயலவர்கள் கூடிவிட்டார்கள். குலதுங்க சேர் கைலேஞ்சியை எடுத்தார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண் கதிரையின் முதுகில் இருந்த எழுத்தை வாசித்தது. நான் அவர் வாயையே பார்த்தேன். குரலை இறக்கிச் சிங்களத்தில் ஏதும் சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு.

அவர் வாயைத் திறக்கும் முன், மூலையில் படுத்திருந்த முஹைதீன் நானா எழும்பப் பார்த்தார். பெரியவர் நிற்கும்போது தான் படுத்திருக்கக்கூடாது என்று. பாதி எழும்பியவருக்கு மூச்சு வரவில்லை. தண்ணீருக்குள் இருந்து மூச்சு இழுப்பவரைப் போல நெஞ்சு கொறகொறத்தது. உதடு நீலமானது. ஸுஹரா ஓடிப்போய்ப் படுக்க வைத்தாள். படுத்ததும் இன்னும் மோசமானது, கையால் காற்றை அடித்தார்.

"படுக்க வெக்காதே. நிமிர்த்து, நிமிர்த்து" என்றார் குலதுங்க சேர். அவருடைய அண்ணனும் இதே வருத்தத்தில் போனவர் என்பதைப் பிறகு சிலாபத்தில்தான் சொன்னார். அவரே குனிந்து, அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி, தனக்கென்று போட்டிருந்த கதிரையில் முஹைதீன் நானாவை உட்கார வைத்தார்.

ஜீப் உள்ளே வராது. மனிதரால் ஒரு அடி நடக்க முடியாது. "கதிரையோடு தூக்குங்க" என்றார். முன்னால் இரண்டு அயலவர்கள், பின்னால் ஒரு பக்கம் ஜீப் ட்ரைவர், மறுபக்கம் குலதுங்க சேர். பிளாஸ்டிக் கால் மணலில் தட்டாமல் இருக்க நெஞ்சளவுக்குத் தூக்கிக்கொண்டு அந்த ஒழுங்கை வழியே அரை ஓட்டமாகப் போனார்கள். நான் நானாவின் தலை சாயாமல் பிடித்துக்கொண்டு கூட ஓடினேன். ஸுஹரா பின்னால் கலிமா சொல்லிக்கொண்டு வந்தாள். சேரின் சப்பாத்து ஒன்று மணலில் கழன்று கிடந்தது, அவர் நிற்கவில்லை. வெள்ளைக் கைலேஞ்சி எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஜீப்பில் ஏற்றி, பாலாவிச் சந்தி வரும்வரை நானாவின் ஒவ்வொரு மூச்சையும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்தோம் என்றுதான் சொல்லவேண்டும். புத்தளம் ஆஸ்பத்திரியில் உடனே ஒட்சிசன் மாட்டி, அம்புலன்ஸில் சிலாபத்துக்கு ஏற்றினார்கள். நாங்கள் ஜீப்பில் பின்னால் போனோம். பின்னேரம் மெஷினிலிருந்து இறக்கியபோது நானா கண் திறந்தார். முதலில் ஸுஹராவிடம் கேட்டது, "அந்த சேர் டீ குடிச்சாரா?" என்பதுதான். அதைக் கேட்டுத்தான் அவள் அன்று முதல் தடவையாக அழுதாள். நானும் அழுதேன், என்ன வெட்கம்.

அடுத்த நாள் காலை குலதுங்க சேர் என்னைக் கூப்பிட்டார்.

"கருணை அடிப்படையில் உதவியைத் திரும்பக் கொடுக்கிறோம் என்று எழுதுங்கள் மிஸ் ஸரீனா. கையொப்பம் போடுகிறேன்."

"அப்படி எழுத மாட்டேன் சேர்."

குரல் இறங்கியது. "ஏன்?"

"கருணை ஒங்கட சேர். நீங்க மாறிப் போனா அதுவும் ஒங்களோட போயிரும். அடுத்து வாறவர் திரும்பவும் கதிரைய எண்ணுவார், அந்த மனுசன் திரும்பவும் மெஷினுக்குப் போகாம கிடப்பார். நிப்பாட்டினது பிழை, இது அவருக்குச் சேரவேண்டியது, அப்படித்தான் எழுதுவன்." சுற்றறிக்கையை மேசையில் வைத்தேன். "இதுல வருத்தமும் வருமானமும்தான் இருக்கு."

"வீட்டைப் பார்க்காமல் வருமானத்தை எப்படிப் பார்ப்பது?"

"உப்பளத்துல கேளுங்க. அவ என்ன உழைக்கிறாண்டு அவங்களுக்குத் தெரியும். சட்டியத் திறந்து பாத்தா தெரியாது."

"பிழை என்று எழுதினால் மேலே இருந்து என்னிடம்தான் விளக்கம் கேட்பார்கள். தெரியும்தானே?"

"தெரியும் சேர்."

அவர் இடமாற்றம் என்று ஒரு சொல் சொன்னால் நான் அநுராதபுரத்தில் இருப்பேன். அவர் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கதிரைக் கால் பதிந்த இடம் சிவந்து கன்றிப் போயிருந்தது. பையில் கைலேஞ்சியைத் தேடினார், இல்லை.

"உச்சமுனையில் ஒரு சொல் சொன்னீர்கள். படகில்."

"ஹக்கு, சேர்."

"எழுதுங்கள்" என்றார்.

விளக்கம் கேட்டார்கள்தான். அவர் யாரையும் காட்டிக் கொடுக்காமல் தானே பதில் எழுதினார். அதற்குப் பிறகு அவர் ஒரு சட்டியையும் திறந்ததை நான் காணவில்லை. ஆனால் திடீரென்று வேறு மனிதர் ஆகிவிட்டார் என்று நினைக்கவேண்டாம். ஓய்வு பெறும்வரை எந்த வீட்டிலும் உட்காரவில்லை, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை, என்னோடு சண்டை பிடிப்பதையும் விடவில்லை.

ஸுஹராவிடம் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைத் திறக்கவில்லை.

"ஸதகாவா மிஸ், ஹக்கா?"

"ஹக்கு."

"அப்ப சரி" என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். முஹைதீன் நானா அதன்பின் பல வருடம் சிலாபத்துக்குப் போய் வந்தார். மகளின் நிக்காஹ்வுக்கு அவர்தான் வலி என்கிற பொறுப்பாளராக இருந்து பெண்ணைக் கொடுத்தார். அந்தக் கல்யாணத்துக்கும் கதிரை இரவல்தான்.

இவ்வளவும் நினைத்து முடியும்போது ரிஸானா மதிலுக்கு மேலால் மறுபடி கூப்பிட்டாள். "ராத்தா, வந்துட்டாங்க. தாறீங்களா இல்லையா?"

கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம். வெறும் நிலத்தைப் பார்த்து அந்த டெப் குறைந்த புள்ளி போடும், உதவியும் நிற்காது. ஆனால் வாசலுக்கு வந்தவர்களை நிற்க வைத்த வெட்கம் ரிஸானாவுக்கு மிஞ்சும். இரண்டு கதிரைகளையும் நானே தூக்கிக்கொண்டு போனேன். ஃபேனைக் கொண்டுபோகவில்லை.

வந்தவர்கள் இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஒரு ஆணும். நல்ல பிள்ளைகள், மரியாதையாக ஸலாம் சொல்லி உட்கார்ந்தார்கள். நான் ரிஸானாவின் மகளின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் டெப்பைப் பார்த்தபடியே, "வீட்டுல கதிர எத்தின இரிக்கு?" என்று கேட்டாள்.

"நீங்க இரிக்கிற ரெண்டும் என்ட" என்றேன். "நீங்க போனதும் எடுத்துட்டுப் போயிருவன்."

"அப்ப இல்லைண்டு போடவா மெடம்?"

"கதிரைக்கு என்ன வேணும்னாலும் போடுங்க மகள். இந்தப் புள்ளைட காலை டெப்புல எந்த இடத்துல போடுவீங்க? அதை எனக்குக் காட்டுங்க."

அவள் சிரித்துக்கொண்டுதான் தேடத் தொடங்கினாள். விரலால் மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். கூரை வந்தது, சுவர் வந்தது, அலுமாரி வந்தது. மற்றவனும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான். ரிஸானா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நான் என்னுடையதைக் குடித்து முடித்தேன். அவர்களுடைய தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.